நாலாவது வினாடி

நாற்பத்தேழாம் எண்ணின் பதிவுகளைத் திரையில் பார்த்தபோது எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. பத்துக் குரல்கள். ஒவ்வொன்றும் நாற்பது வினாடி ஓடும். நாற்பத்தேழு அதில் ஒன்றைக்கூட முழுதாகக் கேட்கவில்லை. நாலு வினாடி, மூன்றரை, ஐந்து, மறுபடி நாலு. கேட்ட மாத்திரத்தில் பொத்தானை அழுத்திவிட்டு அடுத்ததுக்குப் போயிருக்கிறார். ஆணா பெண்ணா என்று எனக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் என் வேலையின் முதல் விதி.

"நாற்பத்தேழு தங்கம்" என்று முன்னறைப் பெண்ணிடம் சொன்னேன். அவளை நாங்கள் ரேடியோ என்று கூப்பிடுவோம். வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரே வார்த்தைகளை ஒரே குரலில் சொல்ல வேண்டியவள். "எனக்கு எதையும் சொல்லாதீங்க சார்" என்று காதைப் பொத்திக்கொண்டாள்.

எங்கள் ஆராய்ச்சி எதைப் பற்றியது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால்தான் பிறகு நடந்த குழப்பம் புரியும். 'பொய்யைக் கண்டுபிடிப்பதில் நீங்கள் கெட்டிக்காரர்' என்று ஒருவரிடம் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு அவர் மற்றவர் பேச்சைக் குறைவாகக் கேட்பாரா? இவ்வளவுதான் கேள்வி. ஆனால் இதை நேராகக் கேட்க முடியாது. 'நீங்கள் காது கொடுத்துக் கேட்பவரா?' என்றால் யார்தான் இல்லை என்பார்கள்? அதனால் ஒரு சுற்றுவழி.

வருகிறவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இருபத்தைந்து குரல்களைக் கேட்பார். ஒரு குரல் பஸ்ஸைத் தவறவிட்ட கதையைச் சொல்லும், இன்னொன்று காணாமல்போன சாவியைப் பற்றிச் சொல்லும். முழுதும் கேட்டுவிட்டு, உண்மை, பொய் என்ற இரண்டு பொத்தான்களில் ஒன்றை அழுத்த வேண்டும். கடைசியில் திரையில் மதிப்பெண் வரும். அந்த மதிப்பெண்ணுக்கும் அவர் அழுத்திய பொத்தான்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது வருவது பின்னறையில் இருக்கும் என் மேஜை இழுப்பறையிலிருந்து. அங்கே நூற்றிருபது உறைகள், குலுக்கி அடுக்கி, ஒட்டி, மேலே வரிசை எண் போட்டு இருக்கும். பாதி உறைகளுக்குள் 23 என்று எழுதிய சீட்டு, மீதிப் பாதியில் 11. ஆள் வந்து உட்கார்ந்த பிறகு நான் அடுத்த உறையைக் கிழித்து, உள்ளே இருக்கும் எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டுவேன். திரையில் அது அவருடைய மதிப்பெண்ணாக வந்து நிற்கும்.

அதற்குப் பிறகு இன்னும் பத்துக் குரல். இந்தத் தடவை எப்போது வேண்டுமானாலும் பொத்தானை அழுத்தலாம். எத்தனை வினாடி கேட்டுவிட்டு அழுத்துகிறார் என்பதைக் கம்ப்யூட்டர் சத்தமில்லாமல் குறித்துக்கொள்ளும். அதுதான் நிஜச் சோதனை. முன்னால் நடந்ததெல்லாம் ஜோடனை.

யாருக்கு எந்த எண் என்பது ரேடியோவுக்குத் தெரியாது. தெரிந்தால், 23 வாங்கியவரைப் பார்த்து ஓர் இழை கூடுதலாகச் சிரித்துவிடுவாள். அந்த ஓர் இழை போதும், பிறகு அவர் அவசரப்பட்டது மதிப்பெண்ணாலா சிரிப்பாலா என்று சொல்ல முடியாமல் போகும். உறையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும், ஆனால் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியாது. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சுவர். இதைக் கட்டியவர் எங்கள் பேராசிரியர் மேடம். இந்தச் சுவரை நான் எத்தனையோ நாள் ரசித்திருக்கிறேன்.

பங்கெடுத்தவர்களிடம் உண்மையைச் சொல்லாமல் விடுவதில்லை. நூற்றிருபது பேரும் முடிந்ததும் எல்லோருக்கும் ஒரே நாளில் கடிதம் போகும். அதுவரை காத்திருக்க நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்கியிருந்தோம். ஒரே ஆபீஸிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேராக வருகிறார்கள். ஒருவருக்கு விஷயம் தெரிந்தால், அடுத்த டீ வேளைக்குள் ஆபீஸ் முழுக்கத் தெரிந்துவிடும். குழு ஒரே ஒரு நிபந்தனை போட்டது. யாருக்காவது பாதிப்பு என்று தெரியவந்தால், அவருக்கு உடனே உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

நாற்பத்தேழாம் உறையை நான் கிழித்தது செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு. உள்ளே 23.

புதன்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது கூடத்தில் ஒரு புதுக் குடை விரித்துக் காயவைத்திருந்தது. நீலத் துணி, வெள்ளைப் பிடி. பங்கெடுப்பவர்களுக்கு நாங்கள் அன்பளிப்பாகக் கொடுக்கும் குடை அது.

"உங்க காலேஜ்லதான் தம்பி குடுத்தாங்க" என்றார் அண்ணி. "எங்க ஆபீஸ் கேன்டீன்ல போஸ்டர் ஒட்டியிருந்தாங்க. நேத்து நாலு மணிக்குப் போனேன். பொய்யைக் கண்டுபிடிக்கிற பரீட்சை. இருபத்தஞ்சுக்கு எவ்வளவு வாங்கினேன்னு சொல்லுங்க பாப்போம்."

நான் சொல்லவில்லை. அவரே சொன்னார்.

அண்ணன் குடும்பத்தோடுதான் நானும் இருக்கிறேன். அண்ணன் ஆஸ்பத்திரியில் இரவு ஷிஃப்டில் ஜெனரேட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவர். பகலில் தூங்குவார். அண்ணிக்கு ஒரு பார்சல் கம்பெனியின் புகார் கவுண்டரில் வேலை. பதினாறு வருடமாக அதே நாற்காலி. உடைந்த சாமான்களைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் எல்லோரும், பிரிக்கும்போதே உடைந்திருந்தது என்றுதான் சொல்வார்கள். அதில் யார் சொல்வது நிஜம், யார் கீழே போட்டு உடைத்தவர் என்று அண்ணி அங்கேயே தீர்மானித்து முத்திரை குத்த வேண்டும். வீட்டுக்கு வந்து, அந்தப் பெரியவரைத் திருப்பி அனுப்பிவிட்டேனே, அவர் சொன்னது உண்மையாக இருந்தால் என்று சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருப்பார். அன்றைக்கு அந்தப் புலம்பல் இல்லை. பதினாறு வருடப் பாரத்தை யாரோ இறக்கிவைத்தது போல முகம்.

பாரத்தை இறக்கியவன் நான்தான். அந்த 23ஐத் தட்டிய கை இது.

"இந்தப் பரீட்சை பத்தி உங்களுக்குத் தெரியுமா தம்பி?"

"நான் பின்னாடி ரூம்ல கம்ப்யூட்டர் பாக்குறவன் அண்ணி. எனக்கு ஒண்ணும் தெரியாது."

அண்ணி தலையாட்டினார். நம்பிவிட்டார். இருபத்தைந்துக்கு இருபத்துமூன்று வாங்கியவரிடம் சொன்ன முதல் பொய் அப்படியே செல்லுபடியானதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கஷ்டமாகவும் இருந்தது. ஊழியர்களின் உறவினர் பங்கெடுக்கக் கூடாது என்று விதி உண்டு, படிவத்தில் அதற்கு ஒரு கேள்வியும் உண்டு. அதற்கு என்ன எழுதினீர்கள் என்று மெதுவாகக் கேட்டேன். ஆமாம் என்று எழுதினால் குடை தர மாட்டார்களோ என்று இல்லை போட்டதாகச் சொன்னார்.

இதோடு முடிந்திருந்தால் கடிதம் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். வியாழக்கிழமை கீச்சு பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு காகிதத்தோடு வந்தாள்.

கீச்சு அண்ணன் மகள். குழந்தையில் கீச்சுக் குரலில் அழுவாளாம், அதனால் அந்தப் பெயர். இப்போது பதினாறு வயது. குரல் மாறிவிட்டது, பெயர் மாறவில்லை. இயற்பியல் தேர்வில் ஏழாவது கணக்கை அவளும் பின்பெஞ்சுத் தோழியும் ஒரே மாதிரி தப்பாகப் போட்டிருந்தார்கள். இருவர் தாளிலும் தப்பு விடை ஒன்றே. அதற்கு முன் எழுதி அடித்திருந்த வரியும் ஒன்றே. காகிதத்தின் கீழே இரண்டு கட்டங்கள். 'என் மகள் பார்த்து எழுதினாள் என்பதை ஒப்புக்கொள்கிறேன்' என்பதில் டிக் போட்டால், குறிப்பேட்டில் பதிந்துவிட்டு மறுதேர்வு வைப்பார்கள். 'மறுக்கிறேன்' என்பதில் போட்டால் விசாரணை, அதில் குற்றம் உறுதியானால் ஆண்டுத் தேர்வே எழுத முடியாது. பெற்றவர் ஒருவர் கையெழுத்துப் போட்டுத் திங்கள்கிழமை காலை கொடுக்க வேண்டும்.

அண்ணி அவளைச் சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்காரவைத்தார். "சொல்லு. பாத்து எழுதினியா?"

"இல்லம்மா. நான் பாத்து எழுதல, ஆனா…"

"போதும்."

"அம்மா, நான் இன்னும்…"

"போதும்னு சொன்னேன். இருபத்தஞ்சு பேர் பேசுறதைக் கேட்டு இருபத்துமூணு பேரைச் சரியா சொன்னவ நான். பெத்த பொண்ணு குரல் தெரியாதா?"

நான் வேண்டுமென்று செய்யவில்லை, தொழில் புத்தி, கண் தானாகச் சுவர்க் கடிகாரத்துக்குப் போயிருந்தது. கீச்சு வாயைத் திறந்ததிலிருந்து 'போதும்' வரை நாலு வினாடி. எங்கள் கருதுகோள் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அச்சுப் பிசகாமல் நடந்துகொண்டிருந்தது. ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாக இருந்ததையும் சொல்ல வேண்டும். அடுத்த கணம் கீச்சுவின் முகத்தைப் பார்த்தேன்.

அண்ணனைக் கேட்டோம். அவர் ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கீச்சு சொல்வதைக் கேட்டு, அவள் சொல்வது சரி என்றார். அண்ணி சொல்வதைக் கேட்டு, அதுவும் சரி என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அண்ணி சொன்னார், ஞாயிற்றுக்கிழமை வரை நேரம் தருகிறேன், அவளாக ஒப்புக்கொள்ளட்டும், இல்லாவிட்டால் முதல் கட்டத்தில் நானே டிக் போடுகிறேன் என்று. கீச்சு தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

அன்றைக்கு எனக்குள் ஓடியதை வரிசையாகச் சொல்ல முடியாது. அண்ணியிடம் உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் அவர் ஆபீஸில் சொல்வார், அடுத்த வாரம் அங்கிருந்து பன்னிரண்டு பேர் வரப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். சொல்லாமல் விடலாம். விட்டால் ஒரு பெண் செய்யாததைச் செய்தேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டி வரும். ஆனால் அவள் செய்யவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. அண்ணி அவளை நம்பாததற்கு அந்த 23தான் காரணம் என்றாவது தெரியுமா? அதுவும் தெரியாது. போன வருடம் டியூஷன் போகாமல் சினிமாவுக்குப் போய்விட்டு வந்து சத்தியம் செய்தவள்தானே கீச்சு. 11 வாங்கிய இன்னொரு அண்ணி எனக்கு இருந்திருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இருப்பது ஒரே அண்ணி.

வெள்ளிக்கிழமை காலை மேடத்தின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார்.

"11 போட்டிருந்தா உங்க அண்ணி மகளை நம்பியிருப்பாங்களா?"

"தெரியாது மேடம்."

"அப்ப நம்மளால பாதிப்பு இல்லைன்னு சொல்ல முடியுமா?"

"அதுவும் தெரியாது."

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "தெரியாதுங்கறதே போதும். சொல்லிடணும்." நாற்பத்தேழின் பதிவை நீக்க வேண்டும் என்றார். அந்தப் பன்னிரண்டு பேரையும் வரவேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும், ஒரு தாயிடம் வாயை மூடிக்கொண்டிரு என்று கேட்க நமக்கு உரிமை இல்லை என்றார். தங்கம் போச்சே என்று எனக்குள் ஒரு குரல் கேட்டது. அதை அதட்டி உட்காரவைத்தேன். நாளைக் காலை அண்ணியை அழைத்து வரும்படி சொன்ன மேடம், நான் கதவருகே போனபோது மறுபடி கூப்பிட்டார்.

"நீங்களா வீட்டுல எதுவும் சொல்லிடாதீங்க. நம்ப மாட்டாங்க. நாம பொய் சொன்னோம்னு நாமளே போய்ச் சொல்றப்ப, எதை நம்புறதுன்னு யாருக்கும் குழப்பமாத்தான் இருக்கும். அதுக்கு ஒரு முறை இருக்கு."

முறை இருப்பது எனக்கும் தெரியும். ஆனால் சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது கீச்சு அறைக்கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். அண்ணி கொல்லைப்பக்கம் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். கிளிப்புகளை எடுத்துக் கொடுத்தபடி நின்றேன். நாலாவது கிளிப்பில் சொல்லிவிட்டேன்.

"அண்ணி, அந்த 23 நிஜ மார்க் இல்ல. நாங்களா போட்டது."

அண்ணி ஈரத்துண்டை உதறினார். "யார் சொல்லச் சொன்னா? கீச்சுவா?"

"யாரும் சொல்லச் சொல்லல. அந்த நம்பரை அடிச்சதே நான்தான்."

"புதன்கிழமை ஒண்ணும் தெரியாதுன்னீங்க."

"அது பொய். பாத்தீங்களா, நான் பொய் சொன்னேன், நீங்க கண்டுபிடிக்கல."

"கண்டுபிடிச்சேன். கொழுந்தனாச்சேன்னு விட்டேன்."

அவர் நிஜமாகவே கண்டுபிடித்திருந்தால்? கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தேன். அண்ணி என் முகத்தை உற்றுப் பார்த்தார். "இப்பவும் பாருங்க, குரல் நடுங்குது. கண்ணு கீழ போகுது. அண்ணன் மகளைக் காப்பாத்தணும்னு பொய் சொல்றீங்க. பாசம்தான், ஒத்துக்கறேன். ஆனா என்கிட்ட செல்லாது தம்பி."

நான் கொடுத்த சர்டிபிகேட்டை வைத்தே என்னைத் தோற்கடித்துவிட்டார். காலையில் மேடத்தைப் பார்க்க வருவீர்களா என்று கெஞ்சினேன். நான் சொல்வது பொய் என்று என் மேடத்திடமே நிரூபிப்பதாகச் சொல்லி ஒப்புக்கொண்டார்.

சனிக்கிழமை எங்கள் கட்டடத்தில் கூட்டமில்லை. ரேடியோ வந்திருந்தாள். மேடம் எதையும் விளக்க ஆரம்பிக்கவில்லை. நேராகப் பின்னறைக்கு அழைத்துப் போய் என் இழுப்பறையைத் திறந்து காட்டினார்.

"இதுல எதை வேணும்னாலும் எடுத்துக் கிழிங்க."

அண்ணி நடுவிலிருந்து ஒன்றை உருவினார். அது எண்பத்தொன்றாம் உறை. உள்ளே 11. தொண்ணூற்று நாலைக் கிழித்தார். 23. நூற்றுமூன்று, 23. அறுபது, 11. பார்சல்களைப் பிரித்துப் பழகிய கை, ஓரம் சிதறாமல் கிழித்தது. மேடம் சொன்னார், இந்த எண்பத்தொன்றாம் ஆள் யாரென்றே இன்னும் எங்களுக்குத் தெரியாது, அவருடைய மதிப்பெண் மட்டும் மூன்று வாரமாக இங்கே காத்துக்கொண்டிருக்கிறது என்று. பிறகு நாற்பத்தேழு என்று எழுதிய, ஏற்கெனவே கிழித்த உறையைக் கொடுத்தார். ஒட்டிய தேதி அதன் முதுகில் இருந்தது. கேன்டீனில் போஸ்டர் ஒட்டுவதற்கும் முந்தின தேதி.

அதற்குப் பிறகுதான் மேடம் பேசினார். உறையைக் கண்ணால் பார்த்தாலும் மனசு முதல் எண்ணை எளிதில் விடாது என்றார். 23 வந்ததும், நாம் எப்போதோ சரியாகக் கண்டுபிடித்த பொய்யெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து அதற்கு முட்டுக்கொடுக்கும். 23ஐ உருவிய பின்னும் அந்த முட்டுகள் நிற்கும். அது உங்கள் குற்றமில்லை, எல்லோருக்கும் அப்படித்தான் என்றார். மன்னிப்பும் கேட்டார். இதுதான் அவர் சொன்ன முறை. நான் கொல்லைப்பக்கம் செய்ததற்கும் இதற்கும் உள்ள தூரம் எனக்கு அப்போது விளங்கியது.

அண்ணி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி. என் நிஜ மார்க் எவ்வளவு?"

மேடம் என்னைப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர்ல இருக்குமில்ல? நான் அழுத்தினது?"

அழுத்தியது இருக்கிறது, ஆனால் சரிபார்க்க விடை இல்லை என்றார் மேடம். குரல் கொடுத்தவர்கள் நாங்கள் எழுதிக்கொடுத்ததை வாசித்தவர்கள். எழுதியதில் சில எங்களுக்கு நடந்தவை, சில கற்பனை. எது எதுவென்று யாரும் குறித்துவைக்கவில்லை. மதிப்பெண்ணே உறையிலிருந்து வரப்போகிறது என்பதால் அதற்கு அவசியம் இருக்கவில்லை.

"விடையே இல்லாத பரீட்சையா?"

"ஆமா."

அண்ணி சிரித்தார். சந்தோஷச் சிரிப்பு இல்லை. "ஒண்ணு கேக்கணும். ஏன் ரெண்டே ரெண்டு பட்டன் வச்சீங்க? தெரியலன்னு ஒரு பட்டன் இருந்திருந்தா, இருபது குரலுக்கு நான் அதைத்தான் அழுத்தியிருப்பேன். வேற வழியில்லாம பொய் பொய்னு அழுத்தினேன். பாதியில கையே பழகிடுச்சு."

மேடம் தன் நோட்டை எடுத்து எழுதினார். எழுதி முடித்ததும், "இதை நாங்க யோசிச்சிருக்கணும்" என்றார். நாலு வினாடி, நாலு வினாடி என்று நான் மெச்சிய நாற்பத்தேழின் அவசரம், தன்னம்பிக்கையால் வந்ததா, பழகிப்போன கையால் வந்ததா? இத்தனை நாள் நாங்கள் எதைத்தான் அளந்துகொண்டிருந்தோம்?

அண்ணி முதலில் மேடத்தை, பிறகு என்னை, கடைசியாகக் கதவருகே நின்ற ரேடியோவைப் பார்த்தார். "அப்ப என் பொண்ணு பொய் சொல்றாளா, இல்லையா?"

ரேடியோ பழக்கதோஷத்தில், "இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு அனுமதி இல்லை" என்றாள்.

பஸ்ஸில் அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்தார். பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டியது. பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"பதினாறு வருஷத்துல மூணு நாள்தான் நிம்மதியா இருந்தேன் தம்பி. அதையும் பிடுங்கிட்டீங்க."

மன்னிப்புக் கேட்டேன். கொடுத்ததற்கா பிடுங்கியதற்கா என்று எனக்கே தெரியவில்லை. அந்த நாட்களில் கவுண்டரிலிருந்து ஒன்பது பேரைப் பாதிப் பேச்சிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறாராம். ஒரு பெண் உடைந்த பொம்மையைக் காட்டிக்கொண்டு நின்றாளாம், முகம் ஞாபகம் இருக்கிறதாம், ரசீது எண் ஞாபகம் இல்லையாம். திங்கள்கிழமை போய் ஒன்பதையும் தேடி எடுக்க வேண்டும் என்றார். எங்கள் படிவத்தில் 'பாதிப்பு' என்ற தலைப்பின் கீழ் இரண்டே வரிதான் இடம் விட்டிருந்தோம்.

வீட்டில் கீச்சு மேஜையில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். அண்ணி கைப்பையைக்கூட இறக்காமல் எதிரே உட்கார்ந்தார்.

"சொல்லு."

"என்னத்தச் சொல்ல? நீதான் பொய் கண்டுபிடிக்கிற மெஷினாச்சே."

"மெஷின் ரிப்பேர். சொல்லு."

கீச்சு என்னைப் பார்த்தாள். நான் அடுப்படிக் கதவில் சாய்ந்து நின்றேன்.

"நான் பாத்து எழுதல, ஆனா…" என்று சொல்லி நிறுத்திவிட்டாள். வியாழக்கிழமை அந்த இடத்தில் வந்த 'போதும்' இந்தத் தடவை வரவில்லை. அவளுக்கு மேலே எப்படிப் போவதென்று தெரியவில்லை. ஃப்ரிட்ஜ் ஓடுகிற சத்தம் கேட்டது. அண்ணியின் உதடு ஒருமுறை அசைந்து அடங்கியது.

பிறகு கீச்சு சொன்னாள். ஒரே மூச்சில் இல்லை, நடுநடுவே பென்சிலைச் சீவியபடி. பின்பெஞ்சுத் தோழியின் அம்மா ஒரு மாதமாக ஆஸ்பத்திரியில். அவள் புத்தகத்தைத் தொடவே இல்லை. தேர்வு அன்று முதுகில் பேனாவால் இரண்டு தடவை குத்தினாள். கீச்சு திரும்பவில்லை, பேசவில்லை. விடைத்தாளை மட்டும் மேஜை ஓரத்துக்கு நகர்த்தி, தோளைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டாள். காட்டினேன் என்றும் சொல்ல முடியாது, காட்டவில்லை என்றும் சொல்ல முடியாது. ஏழாவது கணக்கு தப்பு என்று அப்போது அவளுக்கே தெரியாது. தோழி ஏற்கெனவே மறுத்துவிட்டதால், இதைச் சொன்னால் அவளுக்கு ஆண்டுத் தேர்வு போய்விடும். சொல்லாவிட்டால் தனக்கு. அவள் பெயரை மட்டும் எழுதிவிடாதே அம்மா என்றாள்.

நான் கடிகாரம் இருக்கும் சுவரைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நிஜமா?" என்றார் அண்ணி.

"நிஜம்."

அண்ணி வெகுநேரம் அவள் முகத்தைப் பார்த்தார். எதைத் தேடினார், என்ன கிடைத்தது, எனக்குத் தெரியாது. "எனக்குத் தெரியலடி" என்றார்.

"தெரியலன்னா? நம்பலன்னு அர்த்தமா?"

"தெரியலன்னா தெரியலன்னுதான் அர்த்தம். ஆனா முழுசா கேட்டுட்டேன்."

கீச்சுவின் கண் நிறைந்துவிட்டது. கோபமா நிம்மதியா என்று பிரிக்க முடியவில்லை. அண்ணி கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, பள்ளிக் காகிதத்தை இழுத்து, இரண்டு கட்டங்களுக்கும் கீழே கோணல்மாணலாக மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டார். பக்கத்தில் எழுதினார்: 'இரண்டும் சரியில்லை. என் மகள் நேரில் சொல்வாள். முடிக்கும்வரை கேட்க வேண்டும்.' கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"இதை ஸ்கூல்ல ஒத்துக்க மாட்டாங்கம்மா" என்றாள் கீச்சு.

"மாட்டாங்கதான். நானும் கூட வர்றேன். ஒன்பது பேர் அதுக்கப்புறம்."

உள்ளறையிலிருந்து அண்ணன் தூக்கக் கலக்கத்தோடு எழுந்து வந்தார். என்ன முடிவாச்சு என்று கேட்டார். ஒன்றும் ஆகவில்லை என்றார் அண்ணி. அதுவும் சரிதான் என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார்.

அண்ணி கடைசிவரை கேட்டது உறைகளைப் பார்த்ததாலா, மேடம் பேசியதாலா, மூன்று நாள் மகளின் சாத்திய கதவைப் பார்த்ததாலா? ஒரே ஓர் ஆளை வைத்துக்கொண்டு இதைப் பிரித்துச் சொல்ல வழி இல்லை. ஆனாலும் யோசித்துக்கொண்டே நின்றேன். கீச்சு காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"நீ நம்புறியா சித்தப்பா?"

வாயைத் திறந்தேன். அண்ணியும் என்னைப் பார்த்தார், என் குரல் நடுங்குகிறதா என்று.

"கேட்டேன்" என்றேன்.

"அது பதில் இல்ல" என்றாள் கீச்சு.

இல்லைதான்.